10,000 உயிரணுக்களில் ஒன்று

"இரத்தம் நன்றாகிவிட்டதே, இன்னும் எதற்குப் பிள்ளைக்கு மருந்து?" இரத்தப் புற்றுநோய்க் குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்கள் இப்படிக் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெற்றோர் படும் பாடு போதாதா?

இரத்தம் நன்றாகத் தெரிவது நுண்ணோக்கியில்தான்; அதன் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பு மஜ்ஜையில் எஞ்சிய சில புற்றணுக்களை இயல்பான இளம் அணுக்களிலிருந்து அதனால் பிரித்தறிய முடியாது. மரபணுத் துண்டுகளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையோ 10,000 அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையின் புற்றணுவிலும் அதற்கே உரிய மரபணு அடையாளம் ஒன்று இருக்கும். அதைத் தேடும்படி சோதனையை அந்தக் குழந்தைக்கென்றே வடிவமைக்கிறார்கள். இதுதான் என்னை வியக்கவைக்கிறது.

பிரிட்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி நடந்த யூகேஏஎல்எல் 2003 ஆய்வு, சிகிச்சையின் 29ஆம் நாளில் இந்தச் சோதனை தந்த முடிவை முக்கிய அளவுகோலாக வைத்தது. எஞ்சிய புற்றணுக்கள் (எச்சம்) மிகக் குறைவாக இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, பிற்கட்டத்தில் தரும் தீவிர மருந்துச் சுற்றான தாமதத் தீவிரச் சிகிச்சையை இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரே சுற்றாகக் குறைத்தார்கள். நோய் கட்டுப்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நச்சு மருந்தில் ஒரு சுற்று மிச்சம்! எச்சம் 0.01 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு மருந்தைக் கூட்டியபோது பலன் கூடியது.