ராயபுரத்துக்கு ஓர் அவுன்ஸ்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், சென்னை ராயபுரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அஞ்சலகத்தில் எடைபோட்ட பெண்மணி, இந்தியாவுக்கு 1.65 டாலர் என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அஞ்சலட்டைக்கு 50 காசும், இன்லேண்டுக்கு இரண்டரை ரூபாயும், 20 கிராம் வரையுள்ள உறைக்கு 5 ரூபாயும் கொடுத்துப் பழகிய எனக்கு, ஒரே கடிதத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்பது ஊரின் தொலைவையே கணக்குப் போட்டுக் காட்டியது.

பெரியம்மாவுக்குக் காது மந்தம். கைப்பேசியில் எவ்வளவு உரக்கப் பேசினாலும், "சாப்ட்டியா கண்ணு" என்பதற்கு மேல் பேச்சு நகராது. கண்ணாடி போட்டுக்கொண்டால் எழுத்து மட்டும் தெளிவாகத் தெரியும் என்பதால், அவரோடு விரிவாகப் பேச எனக்குக் கடிதம் ஒன்றே வழி. ஆகவே கொடுக்கும் காசுக்கு எவ்வளவு எழுத முடியும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அந்தக் கட்டணம் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குச் சற்று அதிகமான எடை வரைக்குமானது. இங்கே கிடைக்கும் சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய நாலரை கிராம் இருக்கும். நீள உறையையும் சேர்த்தால் நான்கு தாள்கள் வரம்புக்குள் நிற்கும், ஐந்தாவது தாள் மீறிவிடும். இருபுறமும் எழுதினால் எட்டுப் பக்கம். கல்மண்டபத்துப் பக்கம் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பதற்கே இரண்டு பக்கம் போய்விடுகிறது. சதுர உறை வேண்டாம். தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அது ஒத்துவராததால் தனிக்கட்டணம் வாங்குவார்கள். உறைக்குள் பொருள் எதையும் வைக்கவும் கூடாது. வெளிநாட்டுக் கடிதத்தில் ஆவணங்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 2018 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல சேதி என்றால் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கமல்லவா, அதை மட்டும் நான் விடவில்லை.

ஆனால் இந்த நாட்டில் என்னை முழுதாக மகிழ்வித்தது விலை அச்சிடாத ஃபாரெவர் அஞ்சல்தலைதான். 2007இல் உள்நாட்டுக் கடிதத்துக்கும், 2013இல் வெளிநாட்டுக் கடிதத்துக்கும் வந்த ஏற்பாடு இது. வாங்கிய பின் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அது செல்லும். 2025 ஜூலை 13 அன்று வெளிநாட்டுக் கட்டணம் 1.70 டாலராகவும் உள்நாட்டுக் கட்டணம் 73 சென்டிலிருந்து 78 சென்டாகவும் உயர்ந்தபோது, முன்பே வாங்கி வைத்திருந்த வட்ட வடிவ வெளிநாட்டுத் தலைகளை ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காமல் ஒட்டினேன். உள்நாட்டுத் தலைகளையும் ஊருக்குப் பயன்படுத்தலாம். அன்றைய கட்டணப்படி இரண்டு ஒட்டினால் 1.56 டாலர் ஆனது, மீதி 14 சென்டுக்கு வேறு தலை தேட வேண்டியிருந்தது. ஊரில் பழைய இரண்டு ரூபாய், ஒரு ரூபாய்த் தலைகளைக் கூட்டி ஐந்து ரூபாய் ஆக்கி, அஞ்சலக மேசையில் காய்ந்து கட்டிதட்டிய கோந்தைக் குச்சியால் கிளறி எடுத்து, விரலெல்லாம் பிசுபிசுக்க ஒட்டியவர்களுக்குத்தான் இந்த வட்டத் தலையின் அருமை புரியும்.

இங்கே எனக்கு எல்லாம் பழகிவிட்டது. வாடகை வீட்டு வாசலில் உள்ள பெட்டியில் கடிதத்தை வைத்துச் சிவப்புக் கொடியை உயர்த்தினால், தபால்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். வெளியூர்க்காரன் என்ற எண்ணமே இப்போது வருவதில்லை என்றுதான் நண்பர்களிடம் சொல்கிறேன். ஆனாலும் முகவரியில் 600013 என்று எழுதும்போது கை நிதானப்படுகிறது. முதல் மூன்று இலக்கம் சென்னை, அடுத்த மூன்று ராயபுரம். எழுதி முடிப்பதற்குள் மனம் காசிமேட்டு மீன் வாடையையும், ராயபுரம் பாலத்து நெரிசலையும், ராஜாஜி சாலையில் தலைமை அஞ்சலகமான ஜி.பி.ஓ.வின் செங்கல் சுவரையும் சுற்றி வந்துவிடுகிறது.

அண்ணன் மகன் பெரியம்மாவின் பதிலைக் குரல்பதிவாக அனுப்புகிறான். சென்ற முறை, எழுத்தை இன்னும் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார். பெரிதாக எழுதினால் நான்கு தாள் போதாது. இரண்டு உறையாகப் பிரித்து, இரண்டு வட்டத் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.