28 இறங்காத மூன்று நாட்கள்

சித்திரை வெயிலில் காரைக்குடியில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது, யூபிஎஸ்ஸும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் ஜிசிஎம்எஸ் கருவியில் வேக்யூம் (வெற்றிடம்) அறவே இல்லை. சரி, எப்படியும் நின்றுவிட்டது, மூலக்கூறுகளை அயனியாக்கும் சோர்ஸையும் சுத்தம் செய்துவிடலாம் என்று கழற்றித் துடைத்து மாட்டிப் பம்பைப் போட்டோம்.

திரையில் தெரியும் எண்கள் உள்ளே இருப்பவற்றின் நிறை எண்கள். முதல் நாள் 18 பனைமரம் மாதிரி நின்றது. அது வெறும் தண்ணீர். திறந்து மூடினால் உள்சுவரில் ஒட்டிய ஈரம் வெளியேற நேரம் எடுக்கும், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மறுநாள் 18 இறங்கிவிட்டது, 28 அப்படியே இருந்தது, பக்கத்தில் 32 அதில் ஏறக்குறைய கால்வாசி. 28 நைட்ரஜன், 32 ஆக்ஸிஜன். இரண்டும் நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கிற அதே கணக்கில் நின்றால் அது லீக்தான், வேறு விளக்கம் தேட வேண்டாம். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் ட்யூனிங் திரவத்தின் 69-ஐ நூறாக வைத்துப் பார்த்தால் 28 நாற்பதைத் தொட்டது. நான் பத்துக்கு மேல் போனாலே விடமாட்டேன், ஏனென்றால் சூட்டில் ஆக்ஸிஜன், பொருட்களைப் பிரிக்கும் 'காலம்' (column) என்ற மெல்லிய குழாயின் உள்பூச்சைத் தின்றுவிடும், சோர்ஸில் இருக்கும் ஃபிலமென்ட் கம்பியும் சீக்கிரம் எரிந்துபோகும்.

மூன்றாம் நாள் ஆராய்ச்சி மாணவத் தம்பி வந்து, "அக்கா, செப்டம் மாத்திட்டேன், லைனர் ஓ-ரிங் மாத்திட்டேன், ஃபெரூலும் மாத்தலாமா?" என்றான். எல்லாம் மூட்டுகளில் காற்று புகாமல் அடைக்கும் சாமான்கள். அவனுக்கு அவசரம். செட்டிநாட்டு மசாலாச் சாமான்களில் வேலை செய்கிறான், அவன் வடித்த அன்னாசிப்பூ எண்ணெய் ஃபிரிட்ஜில் காத்திருந்தது. ஆனால் இப்படிக் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் புது லீக்குக்கு வழி திறக்கிறோம், பழையது எங்கே இருந்தது என்பதும் கடைசிவரை தெரியாது.

ஆர்கான் சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இழுத்து, உதட்டில் வைத்தால் லேசாகக் குளிர்கிற அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்து, திரையில் ஆர்கானின் 40-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகக் காட்டினோம். சிலர் அசிட்டோன் தொட்டு வைத்து அதன் 43, 58 பார்ப்பார்கள், சூடான ஓவன் பக்கத்தில் எனக்கு அது வேண்டாம், தீப்பிடிக்கிற சாமான். இதில் நேரத்தைக் கவனிக்க வேண்டும். சாம்பிளை ஏற்றும் இன்லெட் பக்கம் ஓட்டை என்றால் ஆர்கான் 30 மீட்டர் காலம் குழாயைக் கடந்து வர ஒன்றரை நிமிடம் போல ஆகும், அந்தக் குழாய் நிறையை அளக்கும் மாஸ் பகுதிக்குள் நுழையும் இடமான டிரான்ஸ்ஃபர் லைனுக்கு அந்தப் பக்கம் என்றால் கண் இமைப்பதற்குள் 40 துள்ளும். இன்லெட்டில் காட்டி இரண்டு நிமிடம் காத்திருந்தோம், ஒன்றுமில்லை. எனக்குச் சந்தேகம் டிரான்ஸ்ஃபர் லைன் நட் மேல்தான், ஏனென்றால் வெஸ்பெல் என்ற பிளாஸ்டிக் கலந்த ஃபெரூல் சில முறை சூடேறி ஆறினால் சுருங்கும், மறுபடி ஒரு சிறு திருகல் கேட்கும். அங்கேயும் 40 அசையவில்லை. மாஸ் பக்கக் கதவின் கீழ் விளிம்புக்குக் குழாயைக் கொண்டுபோனேன். கோடு செங்குத்தாக ஏறியது. எடுத்தேன், விழுந்தது. வைத்தேன், ஏறியது. "அக்கா, இங்கதான்!" என்று தம்பி கத்தினான்.

சூடு ஆறி டர்போ பம்ப் நிற்கும்வரை பொறுத்துக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கறுப்பு ஓ-ரிங்கின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளை இழை, சோர்ஸைத் துடைத்த பஞ்சுக் குச்சியிலிருந்து வந்தது, ரப்பரில் தன் தடத்தைக்கூடப் பதித்திருந்தது. அதை இடுக்கியால் எடுத்து, நூல் விடாத துணியால் ஓ-ரிங்கையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, கதவைக் கையால் அழுத்திக்கொண்டே பம்பைப் போட்டோம்.

மறுநாள் காலை 28 நான்கில் இருந்தது. அப்புறம்தான் தம்பியின் எண்ணெயை ஏற்றினோம், அதன் முக்கியப் பொருளான அனெத்தோலின் 148 ஒழுங்காக வந்து நின்றது.