நிறம் போன சுவர்ப் பலகைக்கு மறுபூச்சு: கொழும்பு வெள்ளவத்தையில் செய்து பார்த்தது

எங்கள் மேல்மாடியின் மேற்குச் சுவர் முழுக்க மர ரேகை போட்ட சீமெந்துப் பலகை. ஒரு காலத்தில் கரும்பச்சை, பிறகு சாம்பல் பூத்த ஏதோ ஒரு நிறம். பார்த்தவர்கள் எல்லாரும் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொன்னார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பலகை விற்கிற விலையோடு சாரம் கட்டுகிற கூலியையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அதோடு பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, போனது மேலே இருந்த பெயின்ட் மட்டும்தான் என்பது என் கட்சி.

உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தால் வெளிறிய பச்சைத் தூள் ஒட்டியது. வெயிலின் புற ஊதாக் கதிர் பெயின்டில் உள்ள பிசினைச் சிதைத்துவிட, பிடிமானம் இழந்த நிறத்தூள்தான் அது. கூரை நிழலில் இருக்கிற மேல் வரிசையில் தூளும் இல்லை, நிறமும் போகவில்லை. அப்புறம் ஸ்குரூ டிரைவரால் பலகைகளின் அடி ஓரத்தைக் குத்திக்கொண்டே வந்தேன். எல்லாம் கல் மாதிரி நின்றன, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகிய மூலையில் ஒன்று மட்டும் ஊறிப்போய் வீச்சு ரொட்டி போல ஏடு ஏடாகப் பிரிந்தது. அதற்கு எந்தப் பூச்சும் உதவாது, அதை மட்டும் மாற்றினோம். (உங்கள் வீட்டில் இருப்பது பழைய காலத்துப் பலகை என்றால் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம், உரசவே வேண்டாம்.)

பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு ஒன்றைக் காட்டினார்கள். பலகையைத் தண்ணீரில் நனைத்தால் எந்த நிறம் தெரிகிறதோ, அதைப் பூசினாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். நனைத்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் தூளுக்கு மேல் எதைப் பூசினாலும் தூளோடு சேர்ந்து உரியும், நிறத்தூள் இல்லாத பூச்சுக்கு வெயிலைத் தாங்கும் வலுவும் குறைவு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேலையில் பெரும்பங்கு கழுவுவதுதான். பெயின்ட் அடிக்க வந்த பாஸ், "கழுவி என்ன சேர், ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிரும்" என்றார். கடற்காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்பு போகாமல் அடித்தால் கொப்புளம் கிளம்பும் என்று சொல்லிப் பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்தேன். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும், மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் ஓடிக் கோடு விழும். ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கறுப்புப் பாசி. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கொஞ்சம் ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அசிட்டைத் தப்பித் தவறியும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். கடைசியில் நல்ல தண்ணீரால் ஒரு முழு அலசல். காய்ந்த பிறகு கறுப்புத் துணியால் துடைத்தேன், இன்னும் லேசாகத் தூள் வந்தது. அந்த மிச்சத்தைப் பிடித்து நிறுத்தத்தான் ஊறி இறங்கும் சீலர். தண்ணீர் மாதிரி இருக்கும், பலகை மடமடவென்று குடித்துவிடும். அது காய்ந்ததும் செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். டேப் சுத்தமாக வந்தது.

அடித்தது வெளிச்சுவர் அக்ரிலிக், இரண்டு கோட். மேற்குச் சுவர் என்பதால் பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, உச்சி வெயில் திரும்புவதற்குள் நிறுத்தினோம், சுடுகிற பலகையில் பெயின்ட் பரவுவதற்குள் இறுகிவிடும். பச்சையை விட்டுவிட்டு மண் நிறத்துக்கு மாறியதில் தங்கச்சிக்கு இன்னும் கோபம். மண் நிறம் தருகிற இரும்பு ஒக்சைட் நிறங்கள் வெயிலில் எளிதில் வெளிறாது, நானும் விடவில்லை.

பாஸோடு இன்னொரு இழுபறி, சிலிக்கன். பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற அடி விளிம்பையெல்லாம் அடைத்துவிடலாம் என்றார். அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போன ஈரம் வெளியேறும், மேலும் சாதாரண சிலிக்கனில் பெயின்ட் ஒட்டாது. நெட்டு மூட்டுகளை மட்டும் அக்ரிலிக் சீலன்டால் அடைத்தோம்.

பெப்ரவரியில் முடித்தது, மே மாதத் தென்மேற்கு மழை வருவதற்குள் நன்றாக இறுகிவிட்டது. மழைக்குப் பிறகும் கையில் தூள் இல்லை. கடல் பக்கத்து ஆணித் தலைகள் சிலதில் மட்டும் துரு கசிகிறது. அதைச் சுரண்டித் துருத் தடுப்பு பிரைமர் தொட வேண்டும், அதற்கு முன்னால் பீலியைச் சரி பார்க்க வேண்டும்.