டிரிம் நிற்கவில்லை

நாங்களே கட்டிய இரண்டு இருக்கை விமானம். நேராகப் பறக்கும்படி டிரிம் (கை விட்டாலும் மூக்கு ஒரே நிலையில் நிற்கச் செய்யும் அமைப்பு) வைத்து ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால், கொஞ்ச நேரத்தில் மூக்கு மெல்ல எழும்பும். டிரிம் லீவரின் உராய்வு நட்டை இறுக்கினால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இறுக்குவதற்கு முன் லீவர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பறந்தேன். மூக்கு எழும்பியது, லீவர் கோட்டிலேயே இருந்தது. ஆக, நட்டின் மேல் குற்றமில்லை.

வேகமாகப் பறக்கும்போது மூக்கு தாழ்ந்திருக்க டேப், அதாவது எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பின்விளிம்பில் உள்ள சிறு தகடு, மேல்நோக்கி நின்று எலிவேட்டரைக் கீழே தள்ளும். காற்று அதை நடுநிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவரிலிருந்து டேப் வரை கேபிள் போகும் வழியில் எங்கே இடம் கிடைக்கிறதோ, அங்கே டேப் விட்டுக்கொடுக்கும், மூக்கு எழும்பும்.

வாலிலிருந்து தொடங்கினேன். எலிவேட்டர் அசையாதபடி மெத்தை வைத்துக் கிளாம்ப் போட்டு, நண்பர் லீவரைப் பிடித்துக்கொள்ள, டேபின் பின்விளிம்பை விரலால் ஆட்டினேன். ஆடியது. இது வெறும் எரிச்சல் சமாசாரம் இல்லை, டேபில் தளர்வு இருந்தால் வேகத்தில் ஃப்ளட்டர் (கட்டுக்கடங்காத அதிர்வு) வரலாம். 2011-இல் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் விழுந்த பி-51 விமானத்தில், டிரிம் டேப் திருகுகளைக் கழலாமல் பிடிக்கும் லாக்நட்டுகள் பழசாகிப் பிடிப்பிழந்ததைத்தான் விசாரணை சுட்டிக்காட்டியது. 11 பேர் இறந்தார்கள்.

எங்கள் விஷயத்தில், வாலுக்குள் கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. லீவரைத் தள்ளினால் முதலில் உறை நகரும், அப்புறம்தான் டேப். டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட, உறைமேல் கை வைத்துக்கொண்டு லீவரை ஆட்டச் சொன்னால் உடனே தெரிகிறது. டேப் பக்கத்து இணைப்பு ஊசியும் (பின்) தேய்ந்திருந்தது. நல்லவேளை, அது நுழையும் ஓட்டை வட்டமாகவே இருந்தது. பின்னை மாற்றினேன். நைலாக் நட்டுகளையும் (உள்ளே நைலான் வளையத்தால் இறுகிப் பிடிப்பவை) மாற்றினேன். கையாலேயே திருக முடிகிற நைலாக் நட் குப்பைக்குத்தான். கீலுக்கு உலர் மசகு மட்டும், எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.

கிளாம்பை இறுக்கியதும் நடுநிலையே மாறிவிட்டது. லீவர் நடுவில் இருக்கும்போது டேப் எலிவேட்டரோடு ஒரே நேர்க்கோட்டில் வரும்படி கேபிள் முனையில் உள்ள கவட்டை இணைப்பான கிளெவிஸைத் திருகி, அது திரும்பாமலிருக்க ஜாம் நட் போட்டு, இரு எல்லைகளையும் வரைபடத்தில் உள்ள கோணத்தோடு ஒப்பிட்டேன். பிறகு திசைச் சோதனை: மூக்கைத் தாழ்த்தும் பக்கம் லீவர் போனால் டேப் மேலே போக வேண்டும். கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அதனால் இன்னொருவரையும் பார்க்கச் சொன்னேன். 2003-இல் மாசசூசெட்ஸ் கடலோரம் ஒரு பீச் 1900 விமானம் விழுந்ததும், பராமரிப்பின்போது டிரிம் கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டதால்தான்.

பறந்து பார்த்ததில் மூக்கு நின்றது. ஆனால் தனியாக, ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) முழுதாக இறக்கித் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கும் டிரிம் போதவில்லை. தனியாகப் பறந்தால் எங்கள் விமானத்தில் எடை முன்பக்கம் வந்துவிடும். கிளெவிஸை இன்னும் கொஞ்சம் திருகினேன். மொத்த வீச்சு அதேதான், ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறையும். அதனால் எல்லைக் கோணங்களையும் திசையையும் மறுபடி பார்த்துவிட்டு, நல்ல உயரத்தில் படிப்படியாக வேகத்தைக் கூட்டினேன். மூக்கைத் தாழ்த்தும் டிரிம் உச்ச வேகத்துக்கும் போதுமானதாக இருந்தது. உராய்வு நட்டை இன்றுவரை தொடவில்லை.