அலைன்மென்ட் பார்த்தும் 7,000 கிலோமீட்டரில் போன டயர்

போன வாரம் காரின் முன் டயர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். பழையது தீபாவளிக்கு வாங்கியது, மொத்தமே 7,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வெளிப்பக்கம் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்), கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கிறது, உள்பக்கம் தடவினால் வழுவழு, ஒரு இடத்தில் நூலே தெரிகிறது. இந்த டயரோடுதான் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய் வந்தேன், அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆரம்பம் தை மாதம். திருப்பத்தூரிலிருந்து இரவில் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். குன்றக்குடி தாண்டி, எதிர்ப்பக்கம் பழனி பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒதுங்கிய லாரி என் பக்கம் ஏறி வர, நான் இடதுபக்கம் இறக்கிவிட்டேன். தார் விளிம்பிலிருந்து செம்மண்ணில் இறங்கிய சக்கரம் ஒரு கல்லில் தடால் என்று மோதியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வண்டி இடதுபக்கம் இழுத்தது, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், மாறிப் போயிருக்கும் என்று காரைக்குடியில் ஒரு டயர் கடைக்குப் போனேன். அன்றைக்கு முழுநாள் மின்தடை, திரும்பி வந்தேன். இரண்டாவது தடவை போனபோது ஒரு பையன் சக்கரத்தில் கருவியை மாட்டிப் பதினைந்து நிமிடத்தில் "முடிஞ்சிருச்சு சார்" என்றான். காற்று பார்க்கவில்லை, வண்டிக்கு அடியில் எதுவும் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கவில்லை. அளவு போட்ட தாள் கேட்டால் பிரிண்டர் வேலை செய்யவில்லையாம். 350 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஸ்டியரிங் ஓரளவு நேராகிவிட்டது, ஆனால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடதுபக்கம் வெடுக்கென்று போகும். திரும்பப் போய்ச் சொன்னேன். "ரோடு சரிவு சார், எல்லா வண்டியும் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் பாதி உண்மை. மழைத்தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்தித்தான் போடுவார்கள், அதனால் எந்த வண்டியும் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கும். ஆனால் ரோடு சரிவு என்றால் எப்போதும் இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்காது. சந்தேகமாக இருந்தால், முன்னும் பின்னும் வண்டியே வராத நேரான இடத்தில் கொஞ்ச தூரம் வலது பாதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலதுபக்கம் மாறினால் ரோடு, அப்போதும் இடதுபக்கமே இழுத்தால் வண்டி. எனக்கு அப்போது இது தெரியாது, நம்பி வந்துவிட்டேன்.

அப்புறம் கல்யாண சீசன், அலைச்சல், மறந்தே போனது. கோட்டையூரில் பஞ்சர் ஒட்டியவர்தான் டயரைப் புரட்டிக் காட்டி, "அண்ணே, இதை வச்சுக்கிட்டா ஓட்டுறீங்க?" என்றார். வெளியில் நின்று பார்த்தால் உள்பக்கம் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒருபக்கம் ஒடித்து நிறுத்தி, கையால் தடவிப் பார்க்க வேண்டும். காலணா செலவில்லாத வேலை, மாதம் ஒருமுறை செய்யுங்கள். பட்டன் இடுக்கில் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம், பட்டன் அதுவரை தேய்ந்தால் டயர் முடிந்தது.

டயருக்கு வாரண்டி கேட்டுப் போனேன். ஒருபக்கத் தேய்மானம் தயாரிப்புக் குறை கிடையாது என்றார்கள், அலைன்மென்ட் செய்த தாள் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அந்தத் தாள்தான் என்னிடம் இல்லையே. இருந்திருந்தாலும் பணம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம், பேசக்கூட வழியில்லாமல் நின்றதுதான் எரிச்சல்.

விடை தேவகோட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கிடைத்தது. ஜாக்கி போட்டு, கம்பியை வைத்து நெம்பிக் காட்டினார். இடது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர்) கிழிந்திருந்தது, டை ராடு எண்டும் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு) ஆட்டம். "ரப்பர் கிழிஞ்சு கிடக்கு தம்பி, பிரேக் போட்டா சக்கரம் பின்னாடி நகருது. நகர்ற சக்கரத்துக்கு எப்படி அலைன்மென்ட் பார்ப்பாங்க?" ஆறு மாதம் யாரும் சொல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அடிபட்டது இடது சக்கரம், ஏன் இரண்டு டயரும் தேய்ந்தது என்று கேட்டேன். இரண்டும் ஒரே ஸ்டியரிங் ராக்கில் (சக்கரங்களைத் திருப்பும் குறுக்குக் கம்பி) இணைந்திருப்பதால், ஓடும்போது கோணலை இரண்டு சக்கரமும் பங்கு போட்டுக்கொள்ளுமாம்.

புஷ், டை ராடு எண்ட் மாற்றிவிட்டு வேறொரு கடையில் அலைன்மென்ட். இந்தத் தடவை முதலில் காற்றைச் சரிபார்க்கச் சொன்னேன், பழைய அளவு, புதிய அளவு இரண்டும் போட்ட தாள் கொடுத்தால்தான் காசு என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். பழைய அளவில் டோ அவுட் 3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு சக்கரத்தின் முன்விளிம்பும் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: என் டயர் அளவுக்கு, இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 5 மீட்டர் பக்கவாட்டில் உரசியிருக்கிறது. உள்பக்கம் வழுக்கையாகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, என்னுடையது மாதிரிச் சின்ன வண்டிகள் பலவற்றில் திருகிச் சரிசெய்ய முடிவது முன்சக்கர டோ மட்டும்தான். கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாய்வது), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னே, பின்னே சாய்வது) அளவு தப்பாக வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், "நாலு சக்கரமும் சரி பண்ணிட்டோம்" என்றால் எதை என்று கேளுங்கள். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது) பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அலைன்மென்ட் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யச் சொல்வார்கள். அந்தக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, புது டயர் போட்டாலோ, அடியில் ஏதாவது மாற்றினாலோ அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

முடித்ததும் காசு கொடுக்காமல் தேவகோட்டை ரஸ்தா வரை ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு இல்லை, ஆனால் ஸ்டியரிங் மயிரிழை கோணல். திரும்பி வந்து சொன்னேன். முகம் சுளிக்காமல் ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி மறுபடி வைத்து, புதுத் தாளும் கொடுத்தார்கள். அது இப்போது ஆர்சி புக்கோடு இருக்கிறது.