தட்டணு ஒட்டாத சவ்வு: ஆய்வகக் குறிப்புகள்

பிப்ரவரி 3

டயாலிசிஸில் ரத்தத்தை வடிகட்டும் பாலிஈதர் சல்ஃபோன் சவ்வின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, சொட்டின் விளிம்பு பரப்போடு சேரும் தொடுகோணத்தைப் பார்த்தேன். கோணம் குறைந்தால் நீர்நாட்டம் அதிகம். 78 டிகிரி. இதன் மேல் ரத்தம் பட்டால் சில நொடிகளிலேயே புரதங்கள் படிந்துவிடும். உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜன் படிந்து வடிவம் குலைந்தால், ரத்தத்தை உறையவைக்கும் அணுவான தட்டணுவுக்கு அதுவே பிடிமானம். அப்புறம் உறைவுதான். டயாலிசிஸில் ஹெப்பாரின் என்ற உறைவெதிர் மருந்தைக் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவருக்கு அதைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. அதனால் சவ்வின் பரப்பையே மாற்றிப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 6

டோபமைன் பூச்சு. லிட்டருக்கு 2 கிராம், பிஹெச் 8.5 ட்ரிஸ் கரைசல். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அதுவே பாலிமராகிக் கரைசல் பழுப்பேறுகிறது. பாறையில் ஒட்டும் சிப்பியின் பசையைப் பார்த்து மெஸ்ஸர்ஸ்மித் குழு 2007இல் வெளியிட்ட முறை. இரவு முழுக்க ஊறவிட்டேன்.

பிப்ரவரி 7

கோணம் 46. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

பிப்ரவரி 11

சந்தோஷம் நாலு நாள்தான். தட்டணு மிகுந்த பிளாஸ்மாவில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். பூசிய சவ்விலும் தட்டணுக்கள் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

யோசித்தால் வியப்பில்லை. டோபமைன் படலத்தில் மிச்சமிருக்கும் குவினோன்கள் என்ற வினைத்துடிப்புள்ள தொகுதிகள், புரதத்தின் அமீன் (நைட்ரஜன்), தயோல் (கந்தகம்) தொகுதிகளைப் பிடித்துக்கொள்ளும். எதிலும் ஒட்டும் பசையில் புரதம் மட்டும் ஒட்டாமல் போகுமா? நீர்நாட்டம் வந்தால் ரத்தம் ஒத்துக்கொள்ளும் என்பது நம் ஆசை. பழைய குப்ரோஃபேன் செல்லுலோஸ் சவ்வும் நீர்நாட்டம் உள்ளதுதான். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள், நோயெதிர்ப்பைச் சேர்ந்த காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களைத் தூண்டிவிட, டயாலிசிஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரிந்துவிடும். 1970களிலேயே தெரிந்த சங்கதி. தொடுகோணத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுவதை நிறுத்தவேண்டும்.

பிப்ரவரி 18

டோபமைனை அடிப்பூச்சாக மட்டும் வைத்து, அதன் மேல் தயோல் முனையுள்ள சல்ஃபோபீட்டைன் பாலிமரை ஏற்றினேன். அந்தக் குவினோன்களே இதையும் பிடித்துக்கொள்ளும். தொல்லை கொடுத்ததே உதவிக்கு வருகிறது. சல்ஃபோபீட்டைனின் ஒவ்வொரு அலகிலும் நேர் மின்சுமை ஒன்று, எதிர் மின்சுமை ஒன்று. இரண்டும் நீரை இறுகப் பிடித்துவைக்கும். புரதம் படிய வேண்டுமானால் முதலில் அந்த நீரை விலக்கவேண்டும்.

பிப்ரவரி 24

அதே பிளாஸ்மாச் சோதனையில் சல்ஃபோபீட்டைன் சவ்வு தட்டணு இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த, பூச்சில்லாத வெற்றுச் சவ்வைப் பார்க்கும்வரை குதித்தேன். அதிலும் தட்டணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, திரளாமல். ரத்தம் கொடுத்தவர் நாலு நாள் முன்பு தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருக்கிறார். ஒரு மாத்திரை, தட்டணுவின் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அதன் வேகத்தைக் குறைத்துவிடும். படிவத்தில் அதை எழுதியும் இருக்கிறார். படிக்காதது நான்.

மார்ச் 7

வேறொருவரின் ரத்தம். படிவத்தை இரண்டு முறை படித்தேன். வெற்றுச் சவ்வில் கும்பல், டோபமைன் சவ்விலும் கும்பல். சல்ஃபோபீட்டைன் சவ்வில் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. கிடைத்தவையும் உருண்டையாக, கால் நீட்டாமல்.

ஆனால் நீர் ஊடுருவல் பாதிக்கும் கீழே போய்விட்டது. பூச்சு துளைகளுக்குள்ளும் இறங்கியிருக்கவேண்டும். யூரியா வெளியேறாத சவ்வில் தட்டணு ஒட்டாமல் இருந்து என்ன பயன்? நாளை டோபமைனில் ஊறும் நேரத்தை 2 மணியாகக் குறைத்து மறுபடி.