‘நில்’ என்று வந்த அறிக்கைகள்

எனக்கு முதல் வகை நீரிழிவு வந்தபோது பத்து வயது, இப்போது 28. சிறுநீரகத்தையும் விழித்திரையையும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொண்டு வருகிறேன் என்றுதான் சென்ற ஆண்டு வரை நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் லேபின் ‘டயாபடிக் பேக்கேஜ்’ அறிக்கையில் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கு நேரே எப்போதும் ‘நில்’ என்றே இருக்கும்; ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள். தமிழில் வாசித்தால் அது எச்சரிக்கை போலவும் தொனிக்கிறது. நான்தான் நின்று கேட்கவில்லை. பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் அந்தச் சோதனையில், சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கத்தில் கசியும் சிறிதளவு அல்புமின் பெரும்பாலும் பிடிபடாது என்பதைப் புதிதாகப் பார்த்த மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் எழுதிக்கொடுத்தது, சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளோடு ஒப்பிட்டு அல்புமினை அளக்கும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம். லேபில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்று சொல்லி, மறுநாள் இன்னொரு ‘நில்’லைக் கையில் கொடுத்தார். பணமும் அரை நாள் விடுப்பும் போயின.

வேறொரு லேபில் எடுத்தபோது விகிதம் கிராமுக்கு 94 மில்லிகிராம் என்று வந்தது. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். அன்றிரவு நான் உறங்கவில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாத நிலையில் மாதிரி கொடுத்திருந்தேன் என்று தெரிந்ததும் மருத்துவர் கடிந்துகொண்டார். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி, மிகையாக ஏறிய சர்க்கரை ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த எண் உயரக்கூடும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டு கூடுதலாக இருந்தால்தான் பாதிப்பு என்று கொள்வார்களாம். அடுத்த இரண்டும் 22, 17. அந்தத் தாள்களை இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குக் கண்ணாடிக் கடையில் சொன்ன ‘6/6’, அதாவது பார்வை இயல்பு, என்பதே போதும் என்று இருந்துவிட்டதும் தவறுதான். விழித்திரை பழுதாகும்போது வலிப்பதில்லை. பார்வையும் வெகுநாள் மங்குவதில்லை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள் என்று தெரியாமல் ஸ்கூட்டரில் தனியாகப் போனேன். சொட்டு, காத்திருப்பு, மீண்டும் சொட்டு என்று மதிய உணவு நேரம் கடந்ததில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. பையில் குளுக்கோஸ் இருந்ததால் பிழைத்தேன். மாலை வரை எழுத்தே தெரியாததால் ஸ்கூட்டர் அன்றிரவு மருத்துவமனை ஸ்டாண்டிலேயே நின்றது. துணைக்கு ஒருவரையும் சாப்பாட்டையும் கொண்டு போங்கள். இடது கண்ணில் சில சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆரம்ப நிலைதான், இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள்.

மருத்துவர் துருவிக் கேட்டதெல்லாம் பழைய கதையைத்தான்: நோய் வந்து எத்தனை ஆண்டுகள், விடலைப் பருவத்தில் எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, வீட்டில் யாருக்கேனும் சிறுநீரக நோயோ இரத்த அழுத்தமோ உண்டா, புகைக்கும் பழக்கம் உண்டா. விடுதியில் தோழியருக்கு ஒளித்து மதிய ஊசியைத் தவிர்த்த ஆண்டுகளில் எச்.பி.ஏ.1.சி. 10-க்குக் கீழே வந்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. ‘சின்னப் பெண்தானே’ என்று எனக்கு யாரும் அளந்ததில்லை. அன்று அளந்தபோது 142/90. வீட்டில் ஒரு வாரம் அளந்தும் இறங்காததால் மாத்திரை தொடங்கியது. கருத்தரிக்க எண்ணினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த மாத்திரையை மாற்ற வேண்டும், கர்ப்பத்தில் விழித்திரைப் பாதிப்பு கூடக்கூடும் என்பதால் கண்ணையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் ஆபத்து 76 விழுக்காடு குறைந்தது என்று படித்து, சர்க்கரையை உடனே குறைத்துவிடத் துடித்தேன். ஆனால் அதே ஆய்வில், கட்டுப்பாட்டை இறுக்கிய தொடக்கத்தில் சிலருக்குப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடியதும் பதிவாகியிருப்பதால், எனக்கு மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள்.

இப்போது சீட்டில் ‘விகிதம்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நீட்டுகிறேன். சென்ற மாதம் லேபில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுத் தலைமை லேபுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகே மாதிரிக் குப்பியைக் கொடுத்தாள்.